குப்பத்தின் நம்பர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். "அந்தம்மாகிட்ட போனா ரெண்டு திட்டு உண்டு, ஆனா வேலய முடிச்சிக் குடுத்துடும்" என்று என் காதுபடவே சொல்வார்கள். டிபன் கடைக்கும் செல்போன் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே இருக்கும் சின்ன அறைதான் என் இ-சேவை மையம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம், பட்டா நகல் என்று அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் இப்போது என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். இனிமேல் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், எல்லாம் ஆன்லைன் என்று சொன்னார்கள். அலைச்சல் குறைந்தது உண்மைதான். அதற்குப் பதிலாக உட்கார்ந்த இடத்திலேயே காத்துக்கிடந்தார்கள்.

காத்திருப்பது பெரும்பாலும் ஓடிபிக்காக. விண்ணப்பத்தைப் போட்டதும், பதிவாகியிருக்கும் போனுக்கு ஆறு எண்கள் வரும். பத்து நிமிடத்துக்குள் அதைப் பார்த்துச் சொன்னால் நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். நேரம் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. படூர், கேளம்பாக்கம் பக்கம் அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. போன் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊருக்கு வடக்கே கடலை ஒட்டியிருக்கும் மீனவக் குப்பத்துக்காரர்களின் போன் மட்டும் பாதி நாள் கடலில் இருந்தது.

சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தக் குப்பத்தில் பாதி வீடுகளுக்கு ஒரே நம்பர். சில வருஷங்களுக்கு முன்னால் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் முகாம் போட்டு எல்லோரையும் ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் பதிவு செய்தபோது, போன் நம்பர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். குப்பத்தில் அப்போது யாரிடமும் நிலையான நம்பர் கிடையாது. எந்தக் கம்பெனி இலவசமாக டேட்டா கொடுக்கிறதோ அந்த சிம்முக்கு மாறிவிடுவார்கள். உப்புக் காற்றில் போனும் அதிக நாள் தாங்காது. ஒரே ஒருவர் மட்டும் பல வருஷமாக ஒரே நம்பரை வைத்திருந்தார். மீன் வாங்கும் வியாபாரிகளுக்கெல்லாம் அவர் நம்பர் தெரியும் என்பதால் அதை மாற்றவே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். கேட்பது அரசாங்கம், நாளைக்கே மாறிப்போகும் நம்பரைக் கொடுத்தால் பொய் சொன்னதாகிவிடும், மாறாத நம்பரைக் கொடுப்பதுதான் முறை. எல்லோரும் வரிசையில் நின்று அவர் நம்பரையே சொன்னார்கள். முகாமில் உட்கார்ந்திருந்தவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டத்தில் பத்து எண் விழுந்தால் அவர்களுக்குப் போதும்.

இது எனக்குத் தெரிந்த அன்றைக்கு, ஆள் அனுப்பி அவரை வரவழைத்துக் கத்தினேன். "ஊருக்கே ஒரு நம்பரா? இன்னா கூத்து இது?"

ஈர லுங்கியோடு வாசலில் நின்றுகொண்டு சிரித்தார். "கோச்சுக்காத மேடம். ஒரு போரு பைப்புல ஊரே தண்ணி புடிக்கலியா?"

அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். ஃபைபர் போட்டில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போவார். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுற்றி, இடுப்புப் பையில் வைத்துக்கொள்வார். அவர் திரும்பி வரும்வரை குப்பத்தில் யாருக்கும் ஓடிபி கிடையாது. என் மையமும் அந்த ஒரு போட்டின் நேரத்துக்கு நடந்தது. "படகு வரட்டும், அப்பறம் வாங்க" என்று நானே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனால்தான் கடலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இன்றைக்கு அந்த மனுஷன் சீக்கிரம் வருவாரா என்று காலையில் வாசலுக்கு வந்து பார்க்க ஆரம்பித்தேன்.

படகு வருவதை முதலில் தெரிந்துகொள்வது அவர் மனைவிதான். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான் இது. காலை வேலைகளை முடித்துவிட்டுக் கூடையோடு கரைக்கு வந்து, கடலில் இருக்கும் புருஷனுக்குப் போன் போடுவார்கள். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். நமக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். அவர்களுக்கு அது ஒரு தகவல். ஆள் இன்னும் தூரத்தில் இருக்கிறார், தொழில் நடக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவார்கள். மாமல்லபுரம் லைட் ஹவுஸ் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படகு வந்துவிட்டால் டவர் கிடைக்கும், மணி அடிக்கும். ஹலோ கிலோ எதுவும் கிடையாது.

"எங்கய்யா கீற?"

"வந்துகினே கீறேன்."

"சரி, பாத்து வா."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு என் பக்கம் ஆள் அனுப்புவாள். ஓடிபிக்காகக் காத்திருப்பவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். கரை சேர்ந்ததும் அவர் போன் போட்டு எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பார், கரையில் மீன் ஏலம் போடுகிற அதே ராகத்தில். ஒருமுறை எவனோ ஒரு மோசடிக்காரன் போன் செய்து, சார், உங்களுக்கு வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். இவர் நிதானமாக, "எந்த வூட்டு ஓடிபி வேணும்ப்பா? வூட்டுக்காரர் பேரச் சொல்லு" என்று கேட்க, அவன் குழம்பிப்போய் வைத்துவிட்டான். அதை அவர் என் கடையில் நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

ஒரு தை மாதக் கடைசியில் கடல் அவரை எடுத்துக்கொண்டது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும் நேரத்தில் காற்று மாறிப் படகு கவிழ்ந்துவிட்டது. மற்ற இருவரும் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். வேறு போட்டுக்காரர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் கிடைக்கவில்லை. பக்கத்துக் குப்பங்களின் படகுகள் எல்லாம் தொழிலை விட்டுவிட்டுத் தேடின. மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கரைக்குப் போனேன். அவர் மனைவி மணலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள். சுற்றி ஊரே அழுதுகொண்டிருந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள். நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"எல்லைக்கு அப்பால்னுதான் சொல்லுது க்கா. ஆஃப் ஆவல. இன்னும் தூரத்துல கீறாரு" என்றாள்.

போனை அவள் கையிலேயே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காததால் காரியமும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இறால் உரித்துக் கொடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நாள் முழுக்க ஐஸில் கை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் அந்த நம்பருக்கு ஒரு முறை போடுவாள். சில நாட்களில் அந்தப் பெண் குரல், சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தது. "சார்ஜ் போயிருக்கும்" என்றாள். பல மாதங்கள் கழித்து, நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ரீசார்ஜ் செய்யாத நம்பரைக் கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

குப்பத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்துக்குப் போய்த் தங்கள் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். நான்தான் கத்திக் கத்தி அனுப்பினேன். சிலர் இன்னும் மாற்றவில்லை. அவள் மட்டும் நான் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"அந்த நம்பர எடுத்துட்டு என் நம்பர போட்டா, அப்ப அவுரு இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதா க்கா?" என்றாள்.

"ஒரு நம்பரும்மா அது. மனுஷன் இல்ல."

"அவுருகிட்டருந்து மிச்சம் கீறது அது ஒண்ணுதான்" என்றாள்.

அடுத்த வருஷம் அவள் மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் முதல் பட்டதாரிச் சான்றும் வருமானச் சான்றும் கொண்டுவந்தால் கட்டணம் குறையும், இல்லையென்றால் முழுவதையும் கட்ட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கெடு வைத்துவிட்டார்கள். முழுவதையும் கட்டுவது அம்மாவால் ஆகாத காரியம். சான்று வரவில்லையென்றால் பெண்ணும் அம்மாவோடு இறால் உரிக்கப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் என் மேசையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

விண்ணப்பத்தைத் திறந்தேன். தகப்பனார் உயிருடன் உள்ளாரா, காலமானாரா என்று ஒரு கேள்வி. காலமானார் என்றால் இறப்புச் சான்றை ஏற்ற வேண்டும். உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று ஏது? உயிருடன் உள்ளார் என்பதை அழுத்தினேன். எங்கேயும் அவர் இறந்ததாகப் பதிவாகவில்லை, ஆகவே அது பொய்யும் இல்லை. அம்மாக்காரி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா க்கா? கவர்மெண்டே உசுரோட கீறாருன்னு சொல்லுது" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அடுத்த பக்கத்தில் ஓடிபி, அம்மாவின் ஆதாரில் இருந்த அந்த நம்பருக்குப் போய்விட்டதாகக் காட்டியது. வாங்கிச் சொல்ல ஆளில்லை. பத்து நிமிடம் கழிந்தது. திரை ஆரம்பத்துக்கே போய் நின்றது.

வேறு வழியில்லாமல் ஆதாரில் நம்பரை மாற்றச் சம்மதித்தாள். "சரி, போவலாம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். தாலுகா ஆபீசுக்கு நானே கூட்டிப்போனேன். அங்கே கைரேகை விழவில்லை. ஐஸிலும் இறால் ஓட்டிலும் கிடந்த விரல்களில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார்கள், துணியால் துடைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. கண்ணை வைத்துப் பதியும் கருவி ரிப்பேரில் இருப்பதாகச் சொல்லி, சரியானதும் வரச் சொன்னார்கள். எப்போது சரியாகும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். அவளிடம் கத்துவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் கத்தினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் தன் உள்ளங்கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கையே என்னிது இல்லன்னு சொல்லிட்டாங்களே க்கா" என்றாள்.

கல்லூரிக் கெடு நெருங்கியது. வேலைக்குப் போகாமல் அம்மாவும் மகளும் மறுபடி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. நான் மீண்டும் விண்ணப்பத்தைத் திறந்து, வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

மணி அடித்தது. எனக்கே கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். மகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். நான் மவுஸிலிருந்து கையை எடுக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்தார்கள்.

"எங்கய்யா கீற?" என்றாள்.

ஒரு ஆண் குரல், "படூராண்ட கீறேன். யாரும்மா நீங்க?" என்றது.

அவர் குரல் இல்லை. சின்ன வயதுக் குரல். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய்ப் போனை வாங்கினேன்.

கம்பெனி அந்த நம்பரை வேறொருவருக்கு விற்றிருந்தது. அவன் சிறுசேரி சாஃப்ட்வேர் ஆபீஸ்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கேப் டிரைவர். படூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் விவரம் சொன்னதும், "அட, அது நீங்கதானா" என்றான். "நேத்து சிம்மு வாங்கினதுலருந்து பேஜாரு க்கா. யார் யாரோ ரேசன்ல அரிசி வாங்கினாங்க, சக்கர வாங்கினாங்கன்னு மெசேஜ் வந்துகினே கீது. ஓடிபி வேற. இன்னா ஊருன்னே தெர்ல. தூக்கிப் போட்டுடலாமான்னு பாத்தேன்."

போடாமல் இருந்ததற்கு அவனுக்குக் கோடி புண்ணியம். ஓடிபி அனுப்புகிறேன், படித்துச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவது எனக்கே புதிதாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்வதாகச் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அந்த நம்பர்க்காரரு யாரு க்கா?" என்று நடுவில் கேட்டான்.

அவள்தான் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு. தொழிலுக்குப் போயிருக்காரு."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். நான் அடித்தேன். விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. மகள் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். அம்மாக்காரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி க்கா, வக்கிறேன்" என்று அவன் சொன்னபோது குனிந்து, "சரி, பாத்து வா" என்றாள். அந்தப் பக்கம் அவனுக்கு என்ன புரிந்ததோ, "சரிம்மா" என்றான்.

கெடுவுக்குள் சான்று வந்தது. பெண் கல்லூரியில் சேர்ந்தாள், விடுதியில் தங்கிக்கொண்டாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதன் பிறகு அம்மாக்காரி ஏதாவது ஒரு சாக்கில் என் மையத்துக்கு வர ஆரம்பித்தாள். ரேஷன் கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா பார் என்பாள். வருமானச் சான்றில் இன்னொரு நகல் வேண்டும் என்பாள். எதைத் திறந்தாலும் ஓடிபி போகும், அவனைக் கூப்பிட வேண்டும், அவன் படிப்பான். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வேலை நேரத்தைக் கெடுக்கிறாளே என்று வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் அவனே எனக்குப் போன் செய்தான். "க்கா, தப்பா நெனக்காதீங்க. அந்தம்மா டெய்லி காலைல போன் பண்றாங்க."

"இன்னா பேசறாங்க?"

"ஒண்ணும் இல்ல. எங்க கீறன்னு கேக்கறாங்க. சிறுசேரி ஐ.டி. பார்க் கேட்டாண்ட கீறேன், நாவலூர் சிக்னலாண்ட கீறேன்னு சொல்றேன். சரி, பாத்து வான்னு சொல்லி வச்சிடறாங்க. அவ்ளோதான்."

"நான் சொல்லி வக்கிறேன்ப்பா. இனிமே பண்ண மாட்டாங்க."

"அய்யோ வாணாம் க்கா. அதுக்குச் சொல்லல. எங்கம்மா இருந்தப்பகூட இப்டிக் கேட்டதில்ல." வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. "மெய்யாலுமே அவுரு எங்க க்கா கீறாரு?"

சொன்னேன். பின்னால் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் தாலுகா ஆபீசில் கண் பதியும் கருவி சரியாகிவிட்டதென்று தகவல் வந்தது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. யாரோ ஒருவன் கையில் இருக்கும் நம்பரோடு ஆதாரை வைத்திருப்பது ஆபத்து. அவன் நல்லவன் என்பதால் பிழைத்தோம். அவளிடம் இதைப் பொறுமையாக, எனக்கே என்மேல் சந்தேகம் வரும் அளவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கருவியின் முன்னால் உட்கார வைத்து, இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. கண்ணில் நீர் தளும்பிக்கொண்டே இருந்தது. படம் பதியவில்லை என்று திரும்பத் திரும்பக் காட்டியது. அங்கிருந்த பெண், "தொடச்சிக்கம்மா, ஒரே ஒரு நிமிசம் அழாம இரு" என்றாள். ஒன்றரை வருஷமாக ஊர் எதிரில் அழாதவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அழுது முடித்தாள், முகத்தைப் புடவையில் துடைத்தாள், கண்ணை விரித்து வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

ஆதாரில் நம்பர் மாறிய பிறகு என் கம்ப்யூட்டரில் இருக்கும் இ-சேவைப் பதிவிலும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பழைய நம்பருக்குக் கடைசியாக ஒரு ஓடிபி போகும். அவனைக் கூப்பிட்டோம். எண்களைப் படித்தான். முதல் நாள் வேகமாகப் படித்தவன் அன்றைக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தான். நான் அடித்து முடித்ததும், எண் மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. அவள் கையிலிருந்த போனில் முதல் முறையாக அரசாங்கத்தின் மெசேஜ் வந்து விழுந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இன்னும் லைனில் இருந்தான். அவள் எதுவும் பேசவில்லை. நான்தான், "முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது அவன் போன் வந்தது.

"க்கா, இன்னிக்குப் போன் வரல."

"இனிமே வராதுன்னு நெனக்கிறேன்ப்பா" என்றேன்.

"சரி க்கா" என்றான். வைப்பான் என்று பார்த்தேன், வைக்கவில்லை. "நான் சிறுசேரி கேட்டாண்டதான் கீறேன். கேட்டா சொல்லுங்க."

அன்று மதியம் அவள் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டெத் சர்டிபிகேட்டுக்கு இன்னா பண்ணணும் க்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் எவ்வளவோ நாள் நினைத்திருக்கிறேன். வந்தபோது என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இறந்த இடம் கேட்டது. இறந்த நேரம் கேட்டது. மருத்துவர் சான்றோ, தகனம் அல்லது அடக்கம் செய்த ரசீதோ கேட்டது. எல்லாக் கட்டத்திலும் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் மேலே போக முடியாது. உடல் இல்லையென்றால் காணாமல்போய் ஏழு வருஷம் ஆக வேண்டும், அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். இந்த மேசையில் எத்தனையோ பேரிடம் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவள் நான். அவளிடம் சொல்லும்போது கீபோர்டைத்தான் பார்த்தேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏழு வருசத்துக்கும் இதுல உசுரோடதான் கீறாரா?"

"ஆமாம்மா."

"நான் வுட்டுட்டேன் க்கா" என்றாள். "இது வுட மாட்டேங்குது."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போனாள். அடுத்து உட்கார்ந்தவர் பட்டா நகலுக்கு வந்தவர். நம்பர் சொல்லுங்க என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் மறுபடியும் கேட்டேன்.